தைமஸின் உதிர்காலம்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் மருத்துவ மாணவர்கள் அறுத்துப் படித்த உடல்கள் பெரும்பாலும் ஏழைகளுடையவை. பிரிட்டனில் 1832ஆம் ஆண்டு வந்த உடற்கூறியல் சட்டம், ஏழைகள் விடுதியில் இறந்து கேட்பாரில்லாமல் கிடந்த உடல்களை மருத்துவப் பள்ளிகளுக்குக் கொடுக்க வழிசெய்தது. மாதக்கணக்கில் பட்டினியும் காசநோயும் அரித்த உடல்கள் அவை. மார்பெலும்பைப் பிளந்தால், இதயத்துக்கு மேலே, மூச்சுக்குழாய்க்கு முன்னால், கொழுப்புத் துணுக்குபோல ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கும். தைமஸ் சுரப்பி அதுதான். அந்தச் சுருங்கிய அளவே இயல்பான அளவு என்று மருத்துவர்களின் மனத்தில் பதிந்துவிட்டது.

வினை குழந்தைகளிடம் வந்து முடிந்தது. நேற்றுவரை கொழுகொழுவென்று விளையாடிய குழந்தை காலையில் தொட்டிலில் இறந்துகிடக்கும். பிணப் பரிசோதனை செய்தால் உள்ளே பெரிய தைமஸ். காரணம் கிடைத்துவிட்டதாக மருத்துவர்கள் நம்பினார்கள்: வீங்கிய சுரப்பி மூச்சுக்குழாயை நெரித்துவிட்டது! 1830இல் ஜெர்மானிய மருத்துவர் கோப் இதற்குத் ‘தைமஸ் ஆஸ்துமா’ என்று பெயர் வைத்தார். 1889இல் வியன்னாவின் பால்டாஃப் இதை இன்னும் விரித்து ஒரு தனி நோயாகவே ஆக்கினார். 1907இல் அமெரிக்காவின் சின்சினாட்டியில் ஒரு குழந்தையின் தைமஸ்மீது எக்ஸ்ரே பாய்ச்சி அதைச் சுருக்கிக் காட்டினார்கள். சுருங்கியது, குழந்தையும் பிழைத்தது. அதன்பின் பல்லாயிரம் குழந்தைகளின் கழுத்திலும் மார்பிலும் கதிர் பாய்ச்சப்பட்டது. அவர்களில் சிலருக்குத் தைராய்டு புற்றுநோய் வருவதை 1950இல் நியூயார்க் மருத்துவர்கள் இருவர் எழுதிய பிறகுதான் உலகம் விழித்தது.

உண்மையில் அந்தக் குழந்தைகளின் தைமஸ் இருக்கவேண்டிய அளவில்தான் இருந்தது. நோயில்லாமல் திடீரென்று இறந்ததால் அது சுருங்க அவகாசம் கிடைக்கவில்லை, அவ்வளவுதான். சுருங்கிப்போயிருந்தது ஏழைகளின் சுரப்பி. அதைச் சுருக்கியது எது என்பதற்கு 1936இல் மான்ட்ரியலில் ஹான்ஸ் செல்யே ஒரு தடயம் கொடுத்தார். எலிகளைக் குளிரில் போட்டாலும், காயப்படுத்தினாலும், நச்சு கொடுத்தாலும் மூன்று மாற்றங்கள் ஒருசேர வந்தன: அட்ரினல் சுரப்பி பெருத்தது, இரைப்பை புண்ணானது, தைமஸ் வற்றியது. பிற்பாடு உலகம் முழுக்கப் பரவிய ‘ஸ்ட்ரெஸ்’ என்ற சொல்லின் தொடக்கம் அந்த எலிகள்தான். அட்ரினலிலிருந்து கிளம்பும் கார்ட்டிசால் வகை ஹார்மோன்கள் தைமஸின் செல்களைக் கொத்துக்கொத்தாகச் சாகடிக்கின்றன என்பது அடுத்த சில ஆண்டுகளில் தெளிந்தது.

எப்படிச் சாகடிக்கின்றன? எதற்காக? இந்த இரண்டு கேள்விகளின் விடையில் பாதிக்குமேல் ஆஸ்திரேலியாவில் எழுதப்பட்டது. அந்தக் கதை சிட்னியில் ஒரு பள்ளிக்கூடத்தில் தொடங்குகிறது.

1940களில் சிட்னி துறைமுகத்தையொட்டிய செயின்ட் அலோய்சியஸ் என்ற ஜேசுசபைப் பள்ளியில் இரண்டு அகதிப் பையன்கள் படித்தார்கள். ஒருவர் ஆஸ்திரியாவிலிருந்து நாஜிகளுக்குத் தப்பி வந்த குடும்பத்தின் கஸ்டவ் நாஸல். இன்னொருவர் பிரான்சின் நீஸ் நகரில் பிறந்து, ஷாங்காயில் வளர்ந்து, 1941இல் போருக்கு அஞ்சிச் சிட்னிக்குக் கப்பலேறிய ஜாக் மில்லர். மில்லரின் அக்கா காசநோயில் இறந்தவர். ஒரே வீட்டில் ஒருத்திக்கு மட்டும் ஏன் வந்தது என்ற கேள்வி அவர் தாயைக் குடைந்துகொண்டே இருந்ததாம். மகன் சிட்னி பல்கலைக்கழகத்தில் மருத்துவம் படித்துவிட்டு, 1958இல் லண்டன் சென்றார்.

அங்கே அவருக்குக் கிடைத்த இடம், நகருக்கு வெளியே போலார்ட்ஸ் வுட் என்ற ஊர்ப்புறத்தில் முன்னாள் குதிரை லாயம் ஒன்று. ஆராயச் சொன்ன விஷயம் எலிகளின் ரத்தப் புற்றுநோய். அந்த நோய் தைமஸில் தொடங்குவதால், பிறந்த நாளிலேயே எலிக்குஞ்சுகளின் தைமஸை எடுத்துவிட்டு என்ன நடக்கிறதென்று பார்த்தார். ஒரு ரூபாய் நாணயத்தைவிடச் சற்றே நீளமான, ரோமமில்லாத உயிரின் நெஞ்சைத் திறந்து செய்யும் வேலை அது. குஞ்சுகள் பிழைத்தன. ஆனால் சில வாரங்களில் மெலிந்து, தொற்று கண்டு, மடிந்தன. உடலில் லிம்போசைட்டுகள் என்ற வெள்ளணுக்கள் மிகக் குறைந்திருந்தன. வேறு இன எலியின் தோலை ஒட்டினால்கூட அவை தள்ளிவிடவில்லை. ஒட்டிய தோலில் அந்நிய ரோமம் செழித்து வளர்ந்தது! 1961இல் லான்செட் இதழில் அவர் எழுதியது இதுதான்: உடலின் எதிர்ப்பாற்றல் உருவாகும் பட்டறை தைமஸ். உடலின் பெரிய உறுப்புகளில் வேலை இன்னதென்று கடைசியாகத் தெரியவந்தது இதற்குத்தான்.

எல்லோரும் ஏற்கவில்லை. நோபல் பரிசு பெற்ற பீட்டர் மெடவாரே, தைமஸில் லிம்போசைட்டுகள் நிறைந்திருப்பதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை என்று ஒதுக்கினார். அவருடைய ஐயத்துக்கு ஒரு நியாயமும் இருந்தது. அந்தச் செல்கள் உள்ளேயே பிறந்து, உள்ளேயே செத்துக்கொண்டிருந்தன. பிறப்பதில் நூற்றுக்கு ஐந்துகூட வெளியே வருவதில்லை. இப்படி ஊதாரித்தனமாகச் செல்களைச் சாகவிடும் உறுப்பு உடலுக்கு எதற்கு?

மில்லர் பிறந்த குஞ்சைத் தேர்ந்ததில் ஒரு சூட்சுமம் உண்டு. எலி அரைகுறையாகப் பிறக்கும் உயிர். அதன் முதல் நாள், மனிதக் கருவின் நடு மாதங்களுக்குச் சமம். மனிதரில் கரு ஆறேழு வாரமாக இருக்கும்போதே கழுத்துப் பகுதியில் தைமஸ் முளைவிட்டு மார்புக்கு இறங்குகிறது. பிறக்கும்போது பட்டறை ஓடிக்கொண்டிருக்கும். அதனால்தான் ஆட்டில் இதே சோதனையைச் செய்ய நினைத்த கான்பராவின் பீட் மோரிஸ் குழு, தாயாட்டின் வயிற்றைத் திறந்து, கருவிலிருக்கும் குட்டிக்கே அறுவை செய்யவேண்டியிருந்தது. கங்காரு இனத்துக்கோ அந்தக் கஷ்டமில்லை. குட்டி கருவாகவே பைக்குள் வந்துவிடுகிறது. போதாக்குறைக்கு அவற்றில் பலவற்றுக்கு மார்பில் ஒன்று, கழுத்தில் ஒன்று என இரண்டு தைமஸ்.

1966இல் மில்லர் மெல்போர்ன் வந்தார். அழைத்தவர் பள்ளித் தோழர் நாஸல். முப்பத்து நான்கு வயதில் வால்ட்டர்-எலைசா ஹால் மருத்துவ ஆய்வு நிறுவனத்தின் இயக்குநர் ஆகியிருந்தார் அவர். அந்த நிறுவனத்தின் பெயரிலேயே ஒரு சிட்னிக் கதை இருக்கிறது. குயின்ஸ்லாந்தின் மவுண்ட் மார்கன் தங்கச் சுரங்கத்தில் பணம் சேர்த்த சிட்னி வணிகர் வால்ட்டர் ஹால் 1911இல் இறந்தார். மனைவி எலைசா பத்து லட்சம் பவுண்டை அறக்கட்டளையாக ஒதுக்கினார். அதிலொரு பங்குதான் 1915இல் மெல்போர்னில் இந்த நிறுவனத்துக்கு விதையானது. இரு நகரங்களும் எதற்கெடுத்தாலும் மல்லுக்கு நிற்பவை என்பதை அறிந்தவர்களுக்கு, சிட்னிப் பணத்தில் மெல்போர்ன் பெயர் வாங்கியது வேடிக்கையாகத்தான் இருக்கும். 1968இல் மில்லரும் அவருடைய மாணவர் கிரஹாம் மிட்செலும் அங்கேதான் லிம்போசைட்டுகளை இரண்டாகப் பிரித்துக் காட்டினார்கள். தைமஸில் பக்குவப்படுபவை T செல்கள் என்றும், எலும்பு மஜ்ஜையில் பிறந்து எதிர்ப்பொருள் சுரப்பவை B செல்கள் என்றும் பின்னர் பெயர் நிலைத்தது.

ஆனாலும் அந்த ஐந்து போக மீதித் தொண்ணூற்றைந்தின் கதை விளங்கவில்லை. செல் சாவது அப்போது யாருக்கும் சுவாரசியமான விஷயமாக இல்லை. நஞ்சோ தீக்காயமோ பட்டால் செல் வெடித்து அழியும் என்பதோடு பாடம் முடிந்தது. பிரிஸ்பேனைச் சேர்ந்த நோய்க்குறியியலாளர் ஜான் கெர், எலி ஈரலின் ஒரு பகுதிக்கு ரத்தம் குறைத்துப் பார்த்தபோது, வேறொரு சாவைக் கண்டார். செல் வெடிக்கவில்லை. சுருங்கியது, சிறு உருண்டைகளாகப் பிரிந்தது, பக்கத்துச் செல்கள் அந்த உருண்டைகளை விழுங்கி ஏப்பம் விட்டன. வீக்கமில்லை, சீழில்லை, தடயமுமில்லை.

1971இல் ஸ்காட்லாந்தின் அபர்டீனுக்குப் போன கெர், அங்கே அலஸ்டர் கர்ரியும் அவருடைய மாணவர் ஆண்ட்ரூ வைலியும் இதே சாவை இன்னொரு சுரப்பியில் பார்த்துக்கொண்டிருப்பதை அறிந்தார். அட்ரினலின் புறணி, பிட்யூட்டரி அனுப்பும் ஹார்மோனை நம்பி வாழ்வது. அந்த ஹார்மோனை நிறுத்தினால் புறணிச் செல்கள் இப்படித்தான் சுருங்கி உருண்டன. திரும்பக் கொடுத்தால் சாவு நின்றது. அதாவது வெளியிலிருந்து வரும் ஒரு சேதிக்குக் கட்டுப்பட்டு செல் தன்னைத்தானே முடித்துக்கொள்கிறது. கருவில் உறுப்புகள் செதுக்கப்படும்போதும் இதுவே நடக்கிறது என்று மூவரும் 1972இல் எழுதினார்கள். பெயர் வைக்கக் கிரேக்கப் பேராசிரியர் ஒருவரிடம் போனார்கள். மரத்திலிருந்து இலையும் பூவும் உதிர்வதைக் குறிக்கும் சொல்லை அவர் தந்தார்: அப்போப்டோசிஸ்.

தமிழ்ப் பேராசிரியர் ஒருவரிடம் கேட்டிருந்தால் ஒரே எழுத்தில் முடித்திருப்பார். செடியிலிருந்து உதிர்ந்து விழுந்த பூவுக்கு ‘வீ’ என்றும், வாடிய பூவுக்குச் ‘செம்மல்’ என்றும் நம்மிடம் தனித்தனிப் பெயர் உண்டு. கெர் கண்டதற்கும் பழைய பாடத்துக்கும் இடையிலுள்ள வேறுபாடு ஏறத்தாழ இதுதான். பிய்த்தெறிந்த பூ வேறு, காலம் பார்த்துத் தானாக உதிர்ந்த பூ வேறு.

1980இல் வைலி, எலியின் தைமஸ் செல்களுக்குக் கார்ட்டிசால் வகை ஸ்டீராய்டு ஹார்மோன் கொடுத்தபோது, அவை தம் மரபுப் பொருளைத் தாமே ஒழுங்கான துண்டுகளாக நறுக்கிக்கொள்வதைக் காட்டினார். செல்யேயின் எலிகளுக்கு நேர்ந்தது என்னவென்று அன்றுதான் தெரிந்தது. அந்த ஹார்மோன் செல்லுக்குள் நுழைந்ததும் ஒரு புரதத்தோடு இணைகிறது, இதுதான் ஏற்பி. தைமஸ் செல்களில் இப்படியோர் ஏற்பி இருப்பதை 1968இலேயே அமெரிக்காவில் ஆலன் மங்க் காட்டியிருந்தார். ஹார்மோன் வந்து அமரும்வரை ஏற்பி செல்லின் முற்றத்தில் சும்மா கிடக்கும். அமர்ந்ததும் உட்கருவுக்குள் போய்ச் சில மரபணுக்களைத் திறக்கும், சிலவற்றை மூடும். தைமஸின் இளம் செல்லில் அப்படித் திறப்பவற்றுள் சாவுக்கான கதவும் ஒன்று.

அந்தக் கதவைச் சாத்தும் தாழ்ப்பாள் மெல்போர்னில் கிடைத்தது. ஒருவகை நிணநீர்ப் புற்றுநோயில் தாறுமாறாக இயங்கும் bcl-2 என்ற மரபணுவை 1980களில் அமெரிக்காவில் கண்டெடுத்திருந்தார்கள். புற்றுநோய் மரபணு என்றால் செல்லைப் பெருகவைக்கும் என்பதே எல்லோருடைய எதிர்பார்ப்பும். ஹால் நிறுவனத்தில் சூசன் கோரி, ஜெர்ரி ஆடம்ஸ் ஆகியோரிடம் ஆய்வு மாணவராயிருந்த டேவிட் வாக்ஸ், அதை வளர்ச்சிக்காரணி இல்லாமல் வாழமுடியாத செல்களுக்குள் புகுத்திவிட்டு, அந்தக் காரணியை நிறுத்தினார். செல்கள் பெருகவில்லை, சாகவும் இல்லை. சும்மா உட்கார்ந்திருந்தன. சாகாமல் இருப்பதும் புற்றுநோய்க்கு வழி என்பது 1988இல் அப்படித்தான் உறுதியாயிற்று. மூன்று ஆண்டுகள் கழித்து அதே நிறுவனத்தில் ஆண்ட்ரியாஸ் ஸ்ட்ராஸர், இந்த மரபணு மிகையாக இயங்கும் எலிகளை உருவாக்கினார். அவற்றின் தைமஸ் செல்கள் ஸ்டீராய்டுக்கும் கதிர்வீச்சுக்கும் அசைந்துகொடுக்கவில்லை.

இனி ‘எதற்காக’ என்ற கேள்வி. இதற்கு விதை போட்டவர் ஹால் நிறுவனத்தின் பழைய இயக்குநர் மக்ஃபார்லேன் பர்னெட். எதிர்ப்புச் செல்கள் கண்மூடித்தனமாகக் கோடிக்கணக்கான வடிவங்களில் பிறக்கின்றன, சொந்த உடலையே தாக்கக்கூடியவை கரு நிலையிலேயே களையப்படவேண்டும் என்று 1957இலேயே அவர் சொன்னார். களையும் இடம் தைமஸ் என்பது 1980களின் இறுதியில் டென்வரிலும் பிற இடங்களிலும் உறுதியானது. இங்கிலாந்தின் பர்மிங்காமில், எலிக்கருவின் தைமஸைக் கிண்ணத்தில் வளர்த்து, அதன் செல்களை அளவுக்கு மீறித் தூண்டியபோது அவை அப்போப்டோசிஸில் உதிர்ந்தன.

அரிசி சுத்தம் பண்ணத் தெரிந்தவருக்கு இது புரியும். முதலில் முறத்தில் புடைத்தால் பதர் பறக்கிறது. பிறகு உட்கார்ந்து கல் பொறுக்கவேண்டும். தைமஸில் எதையுமே அடையாளம் காணத் தெரியாத செல் பதர், அதுவே பெரும்பான்மை. சொந்த உடலை மிக இறுகப் பற்றும் செல் கல். இரண்டும் சாகவேண்டும். நடுவிலுள்ள அரிசிமணிகள் பிழைக்கவேண்டும்.

புடைப்பவர் யார்? 1990களில் அமெரிக்காவின் ஜொனதன் ஆஷ்வெல் குழு கார்ட்டிசால் வகை ஹார்மோனைக் கைகாட்டியது. தைமஸின் உட்சுவர்ச் செல்களே அந்த ஹார்மோனைக் கொஞ்சம் தயாரிக்கின்றன, கருவிலேயே தயாரிக்கின்றன என்று 1994இல் அவர்கள் காட்டினார்கள். ஹார்மோன் தனியாக வந்தால் செல் சாகும், சொந்த உடலைப் பற்றும் சைகை தனியாக வந்தாலும் சாகும், இரண்டும் அளவாகச் சேர்ந்தால் ஒன்றையொன்று முறித்துச் செல் பிழைக்கும் என்பது அவர்களுடைய கோட்பாடு. இரண்டு நஞ்சு சேர்ந்து மருந்தாவதுபோல. அழகான கருத்து. அழகாயிருந்ததே அதன் பலவீனமோ என்றுகூடத் தோன்றும்.

மெல்போர்ன் அதைச் சோதித்தது. ஜெர்மனியின் ஹைடல்பெர்க்கில் குந்தர் ஷூட்ஸின் ஆய்வகத்தில் டிமதி கோல் முன்னின்று, அந்த ஹார்மோனின் ஏற்பி மரபணு முறிக்கப்பட்ட எலியை உருவாக்கி 1995இல் வெளியிட்டிருந்தார். பெரும்பாலான குட்டிகள் பிறந்த சில மணிநேரத்தில் இறந்தன, நுரையீரல் விரியாமல். ஏற்பி இல்லையென்றால் நுரையீரல் முதிராது. மோனாஷ் பல்கலைக்கழகத்தில் ஜாரெட் பர்ட்டன், ரிச்சர்ட் பாய்ட், டேல் காட்ஃப்ரி ஆகியோர் கோலோடு சேர்ந்து இந்த எலிகளின் தைமஸை எடுத்துப் பார்த்தார்கள். கோட்பாடு சரியென்றால் புடைத்தல் தடுமாறியிருக்கவேண்டும். அப்படி எதுவும் நடக்கவில்லை. வெளியே ஸ்டீராய்டு ஊற்றினாலும் செல்கள் சாகவில்லை, ஆனால் T செல்கள் வழக்கம்போல் பிறந்து, சலிக்கப்பட்டு, தேறின. 2000ஆம் ஆண்டு வெளிவந்தது அந்தக் கட்டுரை. ஸ்ட்ரெஸ் இல்லாமலே T செல் வளரும் என்ற குறும்புத் தலைப்பில் இன்னொன்றும் எழுதினார்கள்.

அப்படியானால் கல் பொறுக்குவது எது? இரண்டே ஆண்டில் விடை வந்தது, அதுவும் மெல்போர்னிலிருந்தே. ஹால் நிறுவனத்தில் ஸ்ட்ராஸர் குழு 1998இல் கண்டுபிடித்த Bim என்ற புரதம் bcl-2 தாழ்ப்பாளைத் தட்டிவிடும் வேலையைச் செய்வது. Bim இல்லாத எலிகளில், சொந்த உடலைத் தாக்கும் தைமஸ் செல்கள் சாகாமல் தங்கிவிட்டன. 2002இல் வெளியான அந்தக் கட்டுரையின் ஆசிரியர் வரிசையில் மோனாஷின் பர்ட்டன், காட்ஃப்ரி பெயர்களும் இருக்கின்றன. ஸ்டீராய்டு தைமஸ் செல்லைக் கொல்லும்போதும் Bim உயருகிறது. ஆக, உள்ளிருக்கும் கத்தி ஒன்றேதான், அதை எடுக்கச் சொல்லும் குரல்கள் வேறு வேறு. ஆஷ்வெல் விட்டுவிடவில்லை. T செல்களில் மட்டும் ஏற்பியை நீக்கிய எலிகளின் எதிர்ப்பாற்றல் நலிவதாக 2012இல் மீண்டும் வாதிட்டார்.

எலியின் கருவில் ஹார்மோன் பெரிய நீதிபதியாக இல்லாமற்போனதற்கு இன்னொரு பின்னணியும் உண்டு. தாயின் ரத்தத்தில் கருவின் ரத்தத்தைவிடக் கார்ட்டிசால் பலமடங்கு அதிகம். அது அப்படியே உள்ளே பாய்ந்தால் கருவின் தைமஸ் தாங்காது. நஞ்சுக்கொடியில் இருக்கும் ஒரு நொதி அதைச் செயலற்றதாக்கி அனுப்புகிறது. ஹார்மோன் ஏற்பிக்குக் காவல் நிற்கும் இத்தகைய நொதியின் வேலையைச் சிறுநீரகத்தில் வைத்து 1988இல் விளக்கியவர்களில் மெல்போர்னின் ஜான் ஃபண்டர் குழுவும் ஒன்று. அதிமதுரம் மிகுதியாகத் தின்பவருக்கு ரத்த அழுத்தம் ஏறுவது, அது இந்தக் காவலாளியை உறங்கவைத்துவிடுவதால்தான். ஆஸ்துமாவுக்குக் கர்ப்பிணி எடுக்கும் பிரெட்னிசோலோன் மாத்திரையின் பெரும்பகுதியை இந்த நொதி வாசலிலேயே மடக்கிவிடும். பீட்டாமெத்தசோனையும் டெக்ஸாமெத்தசோனையும் அதனால் அவ்வளவாக மடக்க முடிவதில்லை.

அந்த ஓட்டையைத்தான் மருத்துவம் பயன்படுத்திக்கொண்டது. டாஸ்மன் கடலுக்கு அப்பால், ஆக்லாந்தில் கிரஹாம் லிகின்ஸ், ஸ்டீராய்டு கொடுத்த ஆட்டுக்குட்டிகள் குறைமாதத்தில் பிறந்தும் மூச்சுவிடுவதைக் கண்டார். குழந்தை மருத்துவர் ராஸ் ஹோவியோடு சேர்ந்து கர்ப்பிணிகளிடம் நடத்திய சோதனையின் முடிவுகளை 1972இல் வெளியிட்டார். அப்போப்டோசிஸ் பெயர் பெற்ற அதே ஆண்டு. இன்று குறைப்பிரசவ வலியோடு வரும் தாய்க்கு மெல்போர்னிலும் மதுரையிலும் அந்த ஊசி போடப்படுகிறது. ஏற்பி இல்லாத எலிக்குட்டிகள் எதனால் இறந்தனவோ, அதன் மறுபக்கம் இது. ஊசி நுரையீரலின் ஏற்பியைத் தட்டி எழுப்புகிறது. தைமஸின் ஏற்பியும் கூடவே எழுகிறது.

பச்சிளங் குழந்தையின் மார்பு எக்ஸ்ரேயில் தைமஸ், இதயத்தின் ஓரத்தில் விரித்த பாய்போல நிழல் விழுத்தும். குறைமாதக் குழந்தைகள் பிரிவில் சிலசமயம் அந்தப் பாய் சுருண்டுபோயிருக்கும். படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கும் மருத்துவர், தாயின் கோப்பைப் புரட்டி, ஊசி போட்ட தேதியையும் கருப்பைத் தொற்று இருந்ததா என்பதையும் தேடுகிறார். சில வாரங்கள் கழித்து எடுக்கும் படத்தில் பாய் மறுபடி விரிந்திருக்கிறதா என்று பார்க்கிறார்.